சத்தம் போடுற விளக்கு

"கத்துறதுதான் வேணுமா? என்னா டீச்சர், வெளையாடுறீங்களா?"

ஏணியின் மேல்படியில் நின்றபடியே கேட்டான் உத்திராபதி.

மங்கலம் டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிதம்பரத்தில் இருபத்தெட்டு வருஷம் டிராயிங் டீச்சராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் ஆறு மாதம் ஆகிறது.

எதிர்ச்சுவர் முழுக்க அவர் வரைந்த படங்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்கள், கிள்ளைப் படகுகள், மழைக்கு முந்திய வானம்.

அந்தப் படங்களுக்கு மேலே, சீலிங்கில் தண்டவாளம் போல ஒரு பட்டை அடித்து, வரிசையாகச் சின்னச் சின்ன விளக்கு மாட்ட வேண்டும். டிராக் லைட். கடலூர் நகைக்கடையில் மாட்டியவன் என்று விசாரித்து, புவனகிரியிலிருந்து அவனை வரவழைத்திருந்தார் டீச்சர்.

கண் போன பிறகு படத்துக்கு லைட்டு! பார்வை போனாலும் பவுசு போகவில்லையே என்று நினைத்துக்கொண்டான் உத்திராபதி.

"மறுபடி சொல்றேன் டீச்சர். லைன் வோல்டேஜ்னா வீட்டுக் கரண்டு அப்படியே பல்புக்குப் போவுது. சத்தம் கிடையாது. பல்பு போனா மேலவீதியிலயே வாங்கிக்கலாம். லோ வோல்டேஜ்னா நடுவுல டிரான்ஸ்பார்மர் வச்சு, பன்னெண்டு வோல்ட்டா கொறைக்கணும். வெளிச்சம் படத்து மேல நறுக்குன்னு விழும், இல்லேங்கல. ஆனா வெலை ஜாஸ்தி. லைட்டு எரியிற வரைக்கும் டிரான்ஸ்பார்மர் வேற ஓயாம கத்தும்."

"ரெண்டையும் எரிய வச்சுக் காட்டு."

மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த விளக்குகளில் முதலில் லைன் வோல்டேஜைப் போட்டான். படத்துப் படகுகள் பளிச்சென்று தெரிந்தன.

"போட்டுட்டியா?"

"எரியுதே டீச்சர்."

"அடுத்ததைப் போடு."

லோ வோல்டேஜைப் போட்டான். ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி டிரான்ஸ்பார்மர் ரீங்கரித்தது.

டீச்சரின் முகம் இளகியது.

"படுக்கிற ரூமுக்குக் கேக்குமா?"

"வாசக் கேட்டு வரைக்கும் கேக்கும். சத்தம் வராத எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் இருக்கு டீச்சர். அதையாச்சும் போட்டுத் தர்றேன்."

"வேணாம்ப்பா. இதையே மாட்டு."

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுப்பராயலு மெல்ல வாய் திறந்தார். டீச்சரின் கணவர். தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"தம்பி சொல்றது நியாயம்தானே, மங்கலம்? லைன் வோல்டேஜே போதுமே. சத்தமில்லாம இருக்கும்."

"உங்களுக்கு எது தோதுன்னு எனக்குத் தெரியும். ஏணியைப் புடிங்க."

சுப்பராயலு, "காபி போட்டாறேன்" என்று சமையல்கட்டுக்குப் போனார். இப்போதெல்லாம் அடுப்படி அவர் பொறுப்புதான்.

உத்திராபதிக்குப் பொறுக்கவில்லை. ஏணியை விட்டு இறங்கி வந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். சாரைப் பாருங்க, எப்படி ஆயிட்டாரு..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல, சொல்லு."

"சமைக்கிறாரு, தொவைக்கிறாரு, உங்களைக் கையப் புடிச்சு நடத்துறாரு. உங்க படத்துக்கு சோடனை பண்றேன்னு, அந்த மனுஷன் காதுகிட்ட ராவும் பகலும் இதைக் கத்த வுடணுமா? ஒங்களுக்கே காது ஒண்ணுதான் மிச்சம். அதுக்கும் எதுக்கு ரோதனை?"

டீச்சர் சிரித்தார்.

"படத்துக்கா? அதெல்லாம் எனக்கு மனப்பாடம்டா. வெளிச்சம் எதுக்கு?"

சமையல்கட்டுப் பக்கம் காதைத் திருப்பினார். டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"கண்ணு போனதுலேருந்து, தெனமும் பொழுது சாஞ்சா கேப்பேன், லைட்டு போட்டீங்களான்னு. 'போட்டாச்சு மங்கலம், பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கேன்'பாரு. தாள் பொரட்டுற சத்தம்கூடக் கேக்கும். நானும் நம்பிட்டேன். போன வாரம் பீரோவுல போயி முட்டிக்கிட்டாரு. பதினெட்டு வருஷமா அதே எடத்துல நிக்கிற பீரோ."

உத்திராபதி கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"மறுநாளும் பேப்பர் படிக்கிறேன்னாரு. தண்ணி குடிக்கப் போறவ மாதிரி எழுந்து போயி, அவரு பக்கத்துல இருக்கிற மேசை விளக்கைத் தொட்டுப் பார்த்தேன்."

"கையைச் சுட்டுக்கிட்டீங்களா டீச்சர்?"

"சுட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேனே. ஜில்லுன்னு இருந்துச்சு."

உத்திராபதி சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் மட்டும் இருட்டுல தனியா இருக்கக்கூடாதுன்னு, ஆறு மாசமா அவரும் கூடவே உக்காந்திருக்காரு. நேரா கேட்டா ஒத்துக்குவாரா? சத்தியம் பண்ணுவாரு."

காபி டம்ளரோடு சுப்பராயலு வருகிற காலடி கேட்டது. டீச்சர் அவசரமாகச் சொன்னார்:

"நல்லா கத்துறதாப் பாத்து மாட்டுடா. அது கத்துனாதான் அவரு வெளிச்சத்துல இருக்காருன்னு எனக்குத் தெரியும்."