அண்ணி மட்டும் வெளியே

"நாலு பேர்ல ஒருத்தர் வேண்டாம்" என்று மூத்தவளின் காதருகே கிசுகிசுத்தார் வானொலிக்காரர். "உங்க அண்ணியைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்க."

ஓட்டல் சலவை அறை. விரிப்பு மடித்துக்கொண்டிருந்த மூன்று சகோதரிகளும் கையை நிறுத்தினார்கள். அண்ணி அறையின் அந்தக் கோடியில் இயந்திரத்திலிருந்து துணியை உருவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை.

வானொலிக்காரருக்கு நிலையத்தில் 'கண்டுபிடிப்பு' என்று பட்டப்பெயர். மாதம் ஒரு மேதையைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவார். கேட்பதற்குத்தான் ஆள் கிடைக்காது. "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ வானிலை அறிக்கை படி" என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் இதே ஓட்டலில் தங்கியிருந்தவர், துவைக்கப் போட்ட சட்டையைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். இயந்திர இரைச்சலுக்கு நடுவே நாலு பெண்கள் பாடுவது கேட்டது. ஒரு குரல் மேலே போக, ஒன்று கீழே இறங்க, இன்னொன்று குறுக்கே புகுந்து வர, சட்டையை மறந்து நின்றுவிட்டார். கண்கூடக் கலங்கியது. அது மட்டும் நிஜம்.

"பல குரல் ஒத்திசைவு சார்! ஆயிரம் வருஷத்து மரபு!" என்று மேலாளரிடம் அளந்துவிட்டிருந்தார். "எங்கம்மா வேலை செய்யறப்ப பாடினது சார்" என்று மூத்தவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்று இயந்திரங்களை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அண்ணிக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம்.

"அண்ணி இல்லாம எப்படி சார்?" கடைக்குட்டி முனகினாள்.

"மரபுன்னு வந்துட்டா உறவெல்லாம் பார்க்கக் கூடாதும்மா."

மூத்தவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "அண்ணி, யாரும் சத்தம் போடாம வெளியே நின்னு பார்த்துக்கறீங்களா? உங்களுக்குத்தான் பயப்படுவாங்க" என்றாள்.

அண்ணி சந்தோஷமாகப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வானொலி என்றதும் எவ்வளவு சுலபமாகக் கழற்றிவிட்டார்கள்! நாத்தனார் நாத்தனார்தான் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

மூவரும் பாடினார்கள். சுத்தமாக, பிசிறே இல்லாமல், ஒரே குரலில். பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி இருந்தது.

"ஏம்மா, அந்த மேலே கீழே எல்லாம் எங்கே?" என்று பதறினார்.

"அது பாட்டுலயே கிடையாது சார்" என்றாள் மூத்தவள். "அண்ணி வாக்கப்பட்டு வந்த புதுசுல, அவங்க வாயைத் திறந்தாலே இங்க எல்லாரும் சிரிப்பாங்க. அதான், அவங்க ஒரு பக்கம் போனா நாங்களும் ஆளுக்கொரு பக்கம் போக ஆரம்பிச்சோம். யாரு தப்புன்னு எவனுக்குத் தெரியும்? அதுவே பழகிடுச்சு. இப்ப அவங்கதான் இல்லையே, நேரா பாடிட்டோம்."

"இது அவங்களுக்கு..."

"மூச்சு விட்டுடாதீங்க சார்!"

வானிலை அறிக்கை கண்முன் வந்து நின்றது. வானொலிக்காரர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"உள்ளே வாங்கம்மா. நீங்க இல்லாம பாட்டு சரியா வரல."

அண்ணி ஆச்சரியமே படவில்லை. அவரை ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும் சார். இதுங்க மூணும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குங்க. நான் ஒருத்திதான் நேரா பிடிச்சு நிறுத்திட்டிருக்கேன். பாவம், சொன்னா மனசு நொந்துடும்னு இத்தனை வருஷமா நான் வாயைத் திறந்ததில்ல. நீங்களும் காட்டிக்காதீங்க!"