ஊட்டி வழியில் ஒரு ஜப்பான் காதல்

‘அத்தை பார்த்துவிட்டார். இனி புத்தகம் அடுப்புக்குத்தான்’ என்று நினைத்தாள் மெர்சி.

விடுமுறைக்கு ஊட்டி போகும் பேருந்தில், முறுக்கு எடுக்க அவள் பையைத் திறந்த மாமியார் விமலாராணியின் கையில் அந்தக் காதல் காமிக்ஸ் சிக்கியிருந்தது. பயிற்சிக்காக ஜப்பானுக்குப் போன மெர்சியின் அண்ணன் அனுப்பியது. பாஷை தெரியாமல் படங்களைப் பார்த்தே மெர்சி உருகும் புத்தகம்.

காரமடை தாண்டியும் விமலாராணி புரட்டிக்கொண்டே இருந்தார். மேட்டுப்பாளையத்தில் மூடினார்.

“இதைத் தூக்கிப் போட்டுரு கண்ணு.”

“தப்பா ஒண்ணும் இல்லீங்களே, அத்தை.”

“புதுசாக் கல்யாணமான புள்ளைக்கு இத்தனை சோகம் ஆகாது. மொதல்ல சர்ச்சுல கல்யாணம், அப்பறம் ஒரே சண்டை. கடைசில ரயிலடியில யாரோ எவரோன்னு போறாங்க. பாவம், அந்தப் பொண்ணு!” முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மெர்சிக்கு மூச்சு திரும்பியது.

“அத்தை, நம்ம கடைசிப் பக்கந்தானுங்க ஜப்பான்காரங்களுக்கு மொதப் பக்கம். ரயிலடியிலதான் இவங்க ரெண்டு பேரும் மொதமொதல்ல பாத்துக்கறாங்க.”

விமலாராணி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார். கொண்டை ஊசி வளைவுகள் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கல்யாணம் வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அடுத்த பாகம் இருக்குதா? கொழந்தை பொறக்குதா? இப்பவே சொல்லு கண்ணு.”

“சொல்ல மாட்டேனுங்க அத்தை, முன்னாடியே சொன்னாச் சுவாரசியம் போயிருமுங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.