ராக்கையா கட்டு

"மேல்படிப்புக்கு மாட்டுப் பிரசவம் எடுக்கலைப்பா. மனசு மாறிருச்சு. பேத்தாலஜி எடுக்கப்போறேன். செத்த மாடு எதனால செத்துச்சுன்னு கண்டுபிடிக்கிற படிப்பு."

அபிதா பேசப் பேச போன் அதை எழுத்தாக்கியது. குரலாக அனுப்பினால் அழுகை தெரிந்துவிடும். எழுத்தில் தெரியாது. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

ராஜஸ்தானில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதி. ஊருக்கு மூன்று நாள் பயணம். இப்போதைக்கு அவளுக்கு இருந்த தைரியம் அந்தத் தூரம்தான்.

கடமலைக்குண்டில் அம்மா கருத்தம்மாள் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் அப்பா ராக்கையாவின் குரல் வந்தது.

"ஏத்தா, செத்த மாட்டைக் கீறிப் பாக்கவா அஞ்சு வருசம் படிக்கிற? அதுக்கு நம்ம கறிக்கடை பேச்சிமுத்து போதாதா?"

பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை.

அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். என் மகளுக்கு மெலிந்த கை, நீளக் கை. உள்ளே விட்டால் மாட்டுக்கு நோகாது. அவள் படித்து வந்தால் வருசநாட்டில் ஒரு கன்றும் வயிற்றிலேயே சாகாது.

பொங்கல் லீவில் ஊரே அதைப் பார்த்தது. கால் மடங்கிச் சிக்கிய கன்றை உயிரோடு இழுத்துப் போட்டாள். அடுத்த நொடி மாடு சரிந்தது. கட்டுத்தறிக்கும் அதன் உடம்புக்கும் நடுவே மாட்டி அவளுடைய வலது முன்கை ஒடிந்தது.

யாரோ ஆஸ்பத்திரி என்றார்கள். அப்பா அவரை அடிக்காத குறை. மாட்டுக்கும் மனிதருக்கும் எலும்பு கட்டுகிற குடும்பம். முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் சிம்பு வைத்து, துணியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். இருபத்தொரு நாள் அவிழ்க்கக் கூடாது என்றார். அந்தக் கட்டோடு ரயிலேறினாள்.

இருபத்திரண்டாம் நாள் அவள் அனுப்பிய "அவுத்தாச்சுப்பா, நல்லாக் கூடிருச்சு" என்ற செய்தியை, டீக்கடையில் நாலு பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

அப்பாவின் அடுத்த குரல் வந்தது. தணிந்திருந்தது.

"கையி வலிக்குதாத்தா? வலிச்சாச் சொல்லு. ஞாயித்துக்கிழமை எண்ணெயோட ரயிலேறுறேன். நீவிவிட்டாச் சரியாப்போகும்."

கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் கனிவு ரயிலேறி வந்து நிற்கும்.

"வராதீகப்பா. கையி நல்லாத்தான் இருக்கு. மாட்டுக்குள்ள கைய விட அருவருப்பா இருக்கு. அம்புட்டுத்தான்."

எழுத்தில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது. அனுப்பினாள்.

"அப்ப கையப் போட்டோ எடுத்துப் போடு. இப்பவே."

அறைத்தோழி ஏஞ்சல் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தார்கள். விரல்களை விரித்த வலது கை. வீரபாண்டித் திருவிழாவில் அம்மா வாங்கித் தந்த செப்புக் காப்பு பளிச்சென்று விழுந்திருந்தது.

பத்து நிமிடம் கழித்து அப்பாவின் குரல் வந்தது.

"பாத்தியா கருத்தம்மா, ஒரு கோணல் இருக்கா? ராக்கையா கட்டுடீ!" அம்மாவிடம் சொன்னதும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. பிறகு குரல் மாறியது. "இம்புட்டு நல்ல கைய வச்சுக்கிட்டு அருவருப்பாம்ல, அருவருப்பு. அன்னைக்கு அந்தக் கையக் கட்டாமலே விட்டுருக்கணும். இனி இங்கன வராத. நானும் அங்கன வரமாட்டேன்."

கடைசிப் பேச்சை மட்டும் அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். நானும் அங்கன வரமாட்டேன்.

மூச்சு சீரானது.

ஏஞ்சல் தன் கையிலிருந்து காப்பைக் கழற்றப் பார்த்தாள். சதைப்பிடிப்பான மணிக்கட்டில் அது இறுகிக்கிடந்தது. மெலிந்த கை, நீளக் கை என்று ஊரெல்லாம் சொன்னவர் கோணலை மட்டும்தான் தேடியிருக்கிறார்.

கழற்றியதை அபிதாவின் இடது கையில் மாட்டிவிட்டாள்.

வலது சட்டைக்கை முழங்கையோடு மடித்து ஊக்குக் குத்தியிருந்தது.

ரயிலில் இரண்டாம் நாளே விரல்கள் கறுத்துவிட்டன. இறுக்கிய கட்டு என்ன செய்யும் என்று அவள் மூன்றாம் ஆண்டிலேயே படித்திருந்தாள். அதைப் பரீட்சையில் அந்தக் கையாலேயே எழுதியும் இருந்தாள்.

அவிழ்க்கவில்லை.

அப்பா இருபத்தொரு நாள் என்று சொல்லியிருந்தார்.