எச்சில் வாளி

அண்ணன் வேலாண்டியை நசுக்கிய பீப்பாயை அன்றைக்குத்தான் திறந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், விஸ்கியை நிரப்பி ஊற வைக்க அடுக்கும்போது கயிறு அறுந்து அவன் நெஞ்சில் ஏறிய பீப்பாய் அது. அடையாளத்துக்குத் தம்பி மாசாணம் வைத்த தார்ப்புள்ளி அதில் இன்னும் இருந்தது. திறக்கும் நாளில் ஒரு மடக்கு வாங்கி அண்ணனுக்குப் படைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கிடங்கைவிட்டுப் போகாமல் கிடந்தான். காலையில் வீட்டிலிருந்து ஒரு டம்ளரைச் சாம்பல் போட்டு விளக்கி மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தான்.

"ஒரே ஒரு மடக்கு சார், படையலுக்கு."

"செத்தவனுக்கு என்னய்யா ருசி தெரியப் போகுது? கடையில ஒரு குவாட்டர் வாங்கி வையி. இப்பப் போய் வாளியப் பிடி" என்றார் சூப்பர்வைசர்.

ருசி பார்க்க வந்தவர்கள் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். மூக்கை நுழைத்து முகர்ந்தார்கள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார்கள். "தேன், புகை, பழைய தோல்... அபாரம்!" என்றார் ஒருவர். சொல்வதற்கு முன்பே மாசாணம் ஏந்திய வாளியில் அதைத் துப்பியிருந்தார். எல்லோரும் துப்பினார்கள்; விழுங்காமல் ருசி சொல்வதுதான் அவர்கள் தொழில். கிளாஸில் மிஞ்சியதையும் அதிலேயே கவிழ்த்தார்கள்.

"சாக்கடையில ஊத்திட்டுக் கழுவிக் கொண்டா" என்றார் சூப்பர்வைசர்.

சாக்கடையோரம் வாளியை இறக்கினான். எச்சிலைப் படைக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. ஆனால் வேலாண்டி உயிரோடு இருந்தவரை இதே இடத்தில் குந்தி, இந்த வாளியில்தான் மொண்டு குடிப்பான். "எச்சின்னு பாக்காதடா, நமக்கு இவ்வளவுதான் வரும்" என்று சிரிப்பான்.

மாசாணம் மடியிலிருந்து டம்ளரை எடுத்தான். அது பளபளவென்று இருந்தது.