இருமலுக்கு விட்ட இடம்

ஊர்க் கிறிஸ்துமஸ் பாட்டு விழாவின் கடைசி ஒத்திகையிலும், கோயில் பாடகர் குழு மூன்றாம் சரணத்தின் நடுவில் சொல்லிவைத்ததுபோல் நின்றது. பாட்டில் அங்கே நிற்க வேண்டிய வேலையே இல்லை. அடிக்குரல் பாடும் ஞானசிகாமணிக்கு வருஷாவருஷம் சரியாக அந்த இடத்தில் இருமல் வரும். மனிதர் இருமி முடிக்கட்டும் என்று எல்லோரும் ஒரு மூச்சு நின்று பழகிவிட்டார்கள். இந்த வருஷம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஒத்திகைப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

“இருமத்தான் ஆளில்லியே, பொறவு எதுக்கு நிக்குதீங்க?” என்று எரிந்து விழுந்தாள் குழுவை நடத்தும் பிரிசில்லா. டிசம்பர் பிறந்ததிலிருந்து அந்த ஓட்டையை அடைக்கத்தான் அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருந்தாள்.

“நாங்க எங்க நிக்கோம், அக்கா? பாட்டுல்லா நிக்குது!” என்றாள் முன்வரிசை கிறிஸ்டல்.

மறுபடி தொடங்க பிரிசில்லா கையைத் தூக்கியபோது பக்கவாட்டுக் கதவு திறந்தது. கழுத்தில் மப்ளர் சுற்றிய ஞானசிகாமணி, யார் முகத்தையும் பாராமல் வந்து, பின்வரிசையில் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டார். அவருக்கு இன்னும் பேச்சே வரவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. மூன்றாம் சரணம் வந்தது, அந்த இடமும் வந்தது. இந்த முறை முதலில் நின்றது பிரிசில்லாவின் கைதான்.

ஞானசிகாமணி மப்ளரைத் தளர்த்தினார். இருமவில்லை. மெல்ல வாயைத் திறந்தார்; குரல் இன்னும் எழவில்லை. ஒரு மூச்சு கடந்தது, இன்னொன்றும் கடந்தது. பிரிசில்லா கையை இறக்கவேயில்லை.