அரை மார்க்

"முந்நூத்தம்பதுன்னா? முந்நூத்தம்பது என்ன, கத்திரிக்காயா?"

அறிவியல் டீச்சர் கேட்ட தினுசில் கட்டிலில் கிடந்தவள் சிரித்துவிட்டாள். பதினைந்து வயது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. சிரிப்பும் முகத்தோடு நின்றுவிடும்.

"மில்லிலிட்டர், டீச்சர்."

"அப்படிச் சொல்லு. அலகு போடலேன்னா அரை மார்க் போச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?"

கட்டில் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையை வைத்துத்தான் இந்தப் பாடம். ஆய்வகத்துக்குப் போக முடியாதவளுக்கு அந்த அறையே ஆய்வகம். மாத்திரை அட்டையில் மில்லிகிராம், காய்ச்சல் பார்க்கும் கருவியில் செல்சியஸ், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கடிகாரம். புரட்டத் தவறினால் முதுகில் புண் வந்துவிடும். ஒன்று வந்தேவிட்டது. மூன்று சென்டிமீட்டர் அகலம். ஆற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

திங்கட்கிழமை பரீட்சை. அவள் வாயால் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். மற்றப் பாடங்கள் முடிந்து, அறிவியல் ஒன்றுதான் பாக்கி. தேறினால் பள்ளியில் பேர் இருக்கும். இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லியனுப்பியிருந்தார். அவளுக்கென்று மிச்சம் இருந்தது படிப்பு ஒன்றுதான். அதுவும் போனால் ஆயுசுக்கும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், பாவம்.

"ஒரு மில்லிகிராம்ல எத்தனை மைக்ரோகிராம்?"

"ஆயிரம்."

"நிறைக்கு அலகு?"

"கிலோகிராம்."

"எடைக்கு?"

"கிலோ..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, இல்ல! நியூட்டன், நியூட்டன்!"

"பொழச்சே, போ."

அம்மா டீயோடு வந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மகளைப் புரட்டிப் போட இரண்டு மணிக்கொரு தரம் கடையிலிருந்து ஓடிவந்துவிடுவாள்.

"ஏழு மாசமா ஒரு நாள் தவறாம வர்றீங்க. இவ சித்தப்பா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு, ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பாரா? நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு." டீச்சர் டம்ளரை வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படிச்சு என்ன, புத்தி வேணாமா? பள்ளிக்கூட நீச்சல் குளத்துல போய் தலைகுப்புறக் குதிச்சிருக்காளே! ஆழம் பாக்காம யாராவது குதிப்பாங்களா? விசாரிக்க வந்தவங்களும் உங்க பொண்ணு மேலதான் தப்புன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. ஏன்டி குதிச்சேன்னு நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டுக் கேட்டாச்சு. வாயைத் திறந்தாளா? கல்லுளிமங்கி!"

சொன்ன மறுகணமே பெத்த மனசு கேட்கவில்லை. முந்தானையால் மகளின் நெற்றியைத் துடைத்தாள். "திட்டிட்டேன்னு நெனைக்காதடா கண்ணு. புண்ணுக்கு மருந்து தீந்துடுச்சு. கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன். பாத்துக்குங்க டீச்சர்."

வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார்.

"சரி, அடுத்து பரப்பளவு."

"டீச்சர், நான் ஒரு கேள்வி கேக்கட்டுமா?"

"எனக்கே பரீட்சையா? கேளு, கேளு."

"அஞ்சு மீட்டர்னா எத்தனை அடி?"

"அடிக்கணக்கெல்லாம் பரீட்சையில வராதே. பதினாறு அடிக்குக் கொஞ்சம் மேல. எதுக்குக் கேக்கறே?"

"பதினாறு அடி ஆழத் தண்ணியில தலைகுப்புறக் குதிச்சா கழுத்து ஒடியுமா?"

புத்தகத்தைப் புரட்டிய கை அப்படியே நின்றது. "ஒடியாது" என்றார் டீச்சர், தமக்கே கேட்காத குரலில்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். தண்ணி ஒரே கலங்கல், தரை தெரியல. சுவத்துல சிவப்புப் பெயின்ட்ல 5-ன்னு மட்டும் இருந்துச்சு. பாத்ததுமே உங்க கையெழுத்துன்னு தெரிஞ்சுடுச்சு. நீங்க எழுதினா அது மீட்டராத்தானே இருக்கும்னு குதிச்சிட்டேன்."

டீச்சர் புத்தகத்தை மூடினார். "அது... ஆழத்தை அளந்து எழுதற வேலையை ஸ்கூல்ல என்கிட்டதான் குடுத்தாங்க. அடிக்கணக்கு குறிச்ச கயித்துலதான் அளந்தோம். அவசரத்துல..."

"ஆஸ்பத்திரிக்கு வந்த கிளாஸ் பொண்ணுங்க போட்டோ காட்டினாங்க டீச்சர். 5-க்குப் பக்கத்துல இப்ப 'அடி'ன்னு இருக்கு. நான் குதிச்சப்ப அது இல்ல. விசாரணைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்கதானே சேத்து எழுதினீங்க?"

ஏழு மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டே டீச்சர் இந்த வீட்டுப் படியேறி வந்தாரோ, அது வந்தேவிட்டது. வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட... சொல்லிட்டியாம்மா?"

"இப்பச் சொன்னா உங்களை விரட்டிடுவாங்களே டீச்சர், எனக்கு யாரு பாடம் சொல்லிக் குடுப்பா? திங்கக்கிழமை பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்றேன்."