விரல் தெரியக் கூடாது

வீட்டை இடித்த மறுநாள்தான், அதை ஏன் இடிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் கோர்ட் நோட்டீஸ் சாவகாசமாக வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்க அஞ்சுகத்திடம் ஆதார் அட்டை இல்லை. அது கல்லும் மண்ணுமாகக் கிடந்த குவியலுக்குள் எங்கோ இருந்தது.

"அட்டை இல்லாம இந்த போன் ஆப் ஏத்துக்காதுக்கா," என்றார் நோட்டீஸ் கொண்டுவந்த கோர்ட் அமீனா. "ஆள் இல்லாத வீடுன்னா கதவுல ஒட்டி வீடியோ எடுத்து ஏத்திடலாம். இது ஏறலன்னா உங்களுக்கு மாத்து வீடு கெடைக்காது."

வெயிலுக்கு மறைப்பாகச் சாய்த்து வைத்திருந்த கதவு ஒன்றுதான் மிச்சம். வாசல் இருந்த இடத்தில் அதை நிமிர்த்தி, பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விரல் தெரியுதுக்கா."

விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு நெற்றியால் முட்டுக்கொடுத்தாள். அந்தப் பக்கம் பசை தடவி ஒட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கதவைத் தட்டினார்.

"இதோ வந்துட்டேன்," என்றாள் பழக்கதோஷத்தில்.

"ஐயோ, பேசாதீங்கக்கா! உள்ள ஆள் இருக்கிற மாதிரி தெரியக் கூடாது. மொதல்லேருந்து எடுக்கணும்."

மறுபடி தட்டினார். ஒவ்வொரு தட்டும் அவள் நெற்றியில் விழுந்தது. "வீட்ல யாரு?" என்று உரக்கக் கேட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றாள் அஞ்சுகம்.